ஓரத்தில் ஓட்டினால் ஒதுங்க இடமேது?

சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை வழியாகத் திருநெல்வேலிக்கு வரும் சாலையில், விடிந்தும் விடியாத நேரத்தில், டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் கேரியரில் வாழையிலைக் கட்டைக் குறுக்காக வைத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். கட்டு இரண்டு பக்கமும் ஒன்றரை அடியாவது நீட்டிக்கொண்டிருக்கும். வேகம் முப்பதைத் தாண்டாது. அவருக்குப் பின்னால் வரும் கார், எதிர்ப்பக்கம் காலியாகும் வரை பொறுத்திருந்து, நன்றாக விலகி, அவரைக் கடந்து போகும். அதே கார், நூறு மீட்டர் முன்னால் சும்மா போய்க்கொண்டிருக்கும் ஒரு பைக்கை நெருங்கியதும் பொறுப்பதில்லை. எதிரே பேருந்து வந்தாலும் பைக்குக்கும் பேருந்துக்கும் நடுவே புகுந்து, பைக்கைத் தாரின் விளிம்புக்குத் தள்ளிவிட்டுப் போய்விடும். ஓட்டுநரும் அவர்தான், சாலையும் அதுதான். முன்னால் போகும் வண்டி தாரில் எவ்வளவு அகலத்தைப் பிடித்திருக்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

இப்படிப் பக்கவாட்டில் நெருக்குவதை நம் பக்கத்தில் ‘அணைக்கிறான்’ என்பார்கள். கடந்து முடிப்பதற்கு முன்பே குறுக்கே வெட்டித் திரும்பினால் ‘கட் அடிக்கிறான்’ என்பார்கள். இரண்டையும் சமாளிப்பது பற்றிப் பேசும்போது, அந்தக் கணத்தில் பிரேக் பிடிப்பதா, ஹாரன் அடிப்பதா என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஆனால் அந்தக் கணத்தில் செய்ய முடிவதைப் பெரும்பாலும் அதற்கு முந்தைய அரை நிமிடமே தீர்மானித்துவிடுகிறது. புது பைக் எடுத்த பிள்ளைக்கு வீட்டில் முதலில் சொல்லப்படும் அறிவுரை ‘ஓரமாப் போ’ என்பது. அன்பினால் சொல்லப்படுவதுதான் என்றாலும், அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றுபவர் தம்மை நெருக்கும்படி ஒவ்வொரு காரையும் அழைத்துக்கொண்டே போகிறார் என்பது என் கருத்து.

இது சிறிய விவகாரமன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இவற்றில் எத்தனை அணைத்ததால் நேர்ந்தவை என்று பிரித்துச் சொல்லும் பத்தி அந்த அட்டவணையில் கிடையாது. பின்னால் மோதியது, பக்கவாட்டில் உரசியது, தானாகச் சறுக்கி விழுந்தது என்று அவை பல தலைப்புகளில் சிதறிவிடுகின்றன. இடிக்காமலே தள்ளிவிட்டுப் போகும் கார் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். நம்முடைய இருவழிச் சாலை ஒன்றின் தார் அகலம் பொதுவாக 7 மீட்டர்; ஒரு தடத்துக்கு மூன்றரை மீட்டர். பேருந்தின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். நடுத்தரக் காருக்கு 1.8 மீட்டர் என்றும், பைக்கின் ஹேண்டில்பார் முனையிலிருந்து முனை வரை முக்கால் மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே கோட்டில் சந்தித்தால் 5.15 மீட்டர் போய்விடும், மிச்சம் 1.85 மீட்டர். இதை நான்கு இடைவெளிகள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்: தார் விளிம்புக்கும் பைக்குக்கும் நடுவில் ஒன்று, பைக்குக்கும் காருக்கும் நடுவில் ஒன்று, காருக்கும் பேருந்துக்கும் நடுவில் ஒன்று, பேருந்துக்கும் அதன் பக்க விளிம்புக்கும் நடுவில் ஒன்று. ஆளுக்கு ஒரு முழம்தான் வரும். பூக்காரி அளப்பது போல முழம் சற்றுக் குறைந்தாலும் உரசல்தான். இந்தக் கணக்கைக் கார் ஓட்டுபவர் போடுவதில்லை. முன்னால் இடைவெளி தெரிகிறது, நுழைகிறார். இடைவெளி தெரிந்ததற்குக் காரணம், பைக் ஓட்டுபவர் விளிம்பிலிருந்து அரை அடி தள்ளி, ஒட்டிக்கொண்டு போனதுதான்.

ஒரு தடத்துக்குள்ளேயே பைக்குக்கு மூன்று கோடுகள் உண்டு. கார்களின் இடச்சக்கரம் ஓடித் தேய்த்த கோடு ஒன்று, வலச்சக்கரம் ஓடிய கோடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் சொட்டிக் கறுத்திருக்கும் பட்டை ஒன்று. பின்னால் கார் நெருங்கி வருகிறது, எதிர்ப்பக்கமும் வண்டி வருகிறது என்று தெரிந்தால், அனுபவப்பட்டவர்கள் வலச்சக்கரக் கோட்டுக்கோ நடுப் பட்டையின் வலது ஓரத்துக்கோ வந்துவிடுவார்கள். இது மறிப்பதன்று. ‘இப்போது இந்தத் தடத்துக்குள் இரண்டு பேருக்கு இடமில்லை, எதிர்ப்பக்கம் காலியானதும் போங்கள்’ என்று வண்டி நிற்கும் இடத்தைக் கொண்டு சொல்வது. எதிர்ப்பக்கம் காலியானவுடன் இடச்சக்கரக் கோட்டுக்கு நகர்ந்து வழிவிட வேண்டும்; அப்படி நகர்வது பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியவும் வேண்டும். அப்போதும் விளிம்பு வரை போகக் கூடாது. விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். கடந்து செல்லும் கார் எதிர்பாராமல் அணைத்தால், ஒதுங்குவதற்கென்று வைத்திருக்கும் இடம் அதுதான். விளிம்பிலேயே ஓட்டுபவர் அந்த இடத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். நெருக்கடி வரும்போது கொடுக்க அவரிடம் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

கார் ஓட்டுபவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைப்பதில் நமக்கு ஒரு திருப்தி உண்டு. ஆனால் அது உண்மையில் பாதிகூட இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை, மற்றொரு வண்டியும் சம்பந்தப்பட்ட மோதல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மோட்டார் சைக்கிளின் வழியுரிமையை அந்த மற்றொரு ஓட்டுநர் மீறியதால் நேர்ந்தவை என்று கண்டது. அவர்களில் பலர் சொன்னது, ‘நான் பார்க்கவே இல்லை’ என்பதுதான். அவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும்போது இடையில் இருப்பதை மூளை பதிவு செய்வதில்லை. ஒல்லியான உருவம் அந்த இடையில் விழுந்துவிட்டால் அது அவருக்கு இல்லாததுதான். சிறிய உருவத்தை உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் மதிப்பிடுவது மனிதக் கண்ணின் இயல்பு. காரின் கண்ணாடியைத் தாங்கும் முன் தூண் ஒரு பைக்கையும் அதில் இருக்கும் இரண்டு பேரையும் முழுதாக மறைத்துவிடும்.

இதனோடு நம் சாலைகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. பைக் ஓடுவது காருக்கு இடப்பக்கம். ஆகவே அவர் நம்மைக் கடந்து இடப்பக்கம் திரும்பும்போது, அவருடைய உடலிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் மூலை, அதாவது காரின் இடது பின்முனை, நம் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அந்த மூலை நம்மைத் தாண்டிவிட்டதா என்பதை அவர் இடது கண்ணாடியில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிகளில், நெரிசலுக்காக அந்தக் கண்ணாடியை மடக்கியவர் அதைத் திறக்காமலே பாளையங்கோட்டை வரை வந்துவிடுவதும் உண்டு. பிறகு அவர் செய்வது ஊகம் மட்டுமே: ‘டூவீலர்தானே, ஒதுங்கிக்கொள்வான்.’

ஆகவே கார் நம் தோளுக்கு இணையாக வரும் கணத்திலேயே ஆக்ஸிலரேட்டரைச் சற்று விட்டுவிடுவது நல்லது. இது தோற்பது போலத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கார் 80 கிலோமீட்டர் வேகத்திலும் பைக் 60-லும் போகும்போது, பின்னாலிருந்து வந்து முன்னால் போய்த் தெளிவதற்கு 20 மீட்டர் வேண்டும் என்று கொண்டால், மூன்றரை வினாடிக்கும் சற்று அதிகமாக இருவரும் பக்கத்தில் இருக்கிறோம். பைக் 50-க்கு இறங்கினால் அது இரண்டரை வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு வினாடியில்தான் பெரும்பாலான ‘கட்’ விழுகிறது. இண்டிகேட்டரை நம்பிப் பயனில்லை. பார்க்க வேண்டியது காரின் முன்சக்கரம். பாடி திரும்புவதற்கு முன்பே டயர் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். ஹாரனை அடிப்பதாக இருந்தால் அவர் நம்மை எட்டுவதற்கு முன்பே அடிக்க வேண்டும். ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டு ஓடும் காருக்குள் பைக் ஹாரன் எங்கோ கொசு கத்துவது போலத்தான் கேட்கும். காரின் பின்கதவுக்கு இணையாகத் தொடர்ந்து ஓட்டுவது மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. அங்கே இருப்பவர் எந்தக் கண்ணாடியிலும் இல்லை.

விலகியே ஆக வேண்டும் என்று வரும்போது பைக்கைத் திருப்பும் முறை பலருக்கும் உடலில் தெரியும், அறிவில் தெரியாது. வேகமாகப் போகும் வண்டி இடப்பக்கம் போக வேண்டுமானால், இடது ஹேண்டிலை முன்னோக்கித் தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கமே போகும். பதற்றத்தில் உடலை மட்டும் சாய்ப்பவரின் வண்டி அசைவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. லைசென்ஸ் வாங்குவதற்கு ‘எட்டு’ போடும்போது இது தெரியவராது, ஏனென்றால் எட்டு போடும் வேகத்தில் வண்டி வேறு விதமாகத் திரும்புகிறது.

பின்னால் வரும் காரைவிட மோசமானது எதிரே வரும் கார். முன்னால் போகும் லாரியைத் தாண்டுவதற்காக, நம் தடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு, ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்துக்கொண்டே வருவார். நம் சாலைகளில் அந்த வெளிச்சத்துக்கு ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள் இல்லை. ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், இறங்கு’ என்றுதான் பொருள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்தது ஓரளவு உதவியிருக்கிறது. அதற்கு மேல் இந்த இடத்தில் நாம் செய்யக்கூடியது, எங்கே எப்படி இறங்குவது என்பதை அறிந்திருப்பதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது தென்காசிச் சாலை அகலப்படுத்தப்படுவதற்கு முன்பு, ஆலங்குளத்துக்கு மேற்கே ஒரு மத்தியானத்தில். எதிரே ஒரு கார் அப்படித்தான் வந்தது. நான் வழக்கம்போல விளிம்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கையகல இறக்கம். முன்சக்கரம் செம்மண்ணில் இறங்கியது, பயத்தில் வலது கை முன் பிரேக்கை இறுக்கியது, அடுத்து நான் பார்த்தது என் வண்டியின் பின்சக்கரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பதை. கார் நிற்கவில்லை. முழங்கையில் மண்ணும் ரத்தமுமாகப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “எந்தப் பிரேக்கப் புடிச்ச?” என்பதுதான். சொன்னேன். “மண்ணுல எறங்குனா முன் பிரேக்கத் தொடக்கூடாதுல்லா தம்பி. எறங்குறதுக்கு முன்னாலயே புடிச்சு முடிச்சுறணும்” என்றார்.

அவர் சொன்னதில் முழு இயந்திரவியலும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், தாரில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன்சக்கரம்தான். ஆகவே தாரில் இருக்கும்போது இரண்டு பிரேக்கையும், குறிப்பாக முன் பிரேக்கை, படிப்படியாக அழுத்தி வேகத்தை இறக்க வேண்டும். ‘முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்’ என்று அதைத் தொடாமலே ஆயுள் முழுவதும் ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் வண்டியின் பாதிக்கு மேற்பட்ட நிறுத்தும் திறனை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். மண்ணில் கதை தலைகீழ். அங்கே பிடிமானம் இல்லாததால் முன்சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் வண்டி உடனே படுத்துவிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் சக்கரம் முழுதாகப் பூட்டாது; எனினும் நம் சாலைகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி அதற்குக் குறைந்த சிசி வண்டிகளும் பழைய வண்டிகளும்தான். மண்ணில் இறங்கியபின் ஹேண்டிலை நேராக வைத்து, முன் பிரேக்கை விட்டு, வேகம் தானாக இறங்க விட வேண்டும். பிறகு உடனே தாருக்கு ஏறப் பார்ப்பதுதான் இரண்டாவது தவறு. இறக்கத்தின் விளிம்பை ஒட்டிக்கொண்டே ஏற முயன்றால் டயர் அந்த விளிம்பில் உரசி, ஏற மறுத்து, திடீரென்று ஏறி, வண்டியைத் தடத்தின் குறுக்கே வீசிவிடும். நன்றாக வேகம் குறைத்து, விளிம்பைக் கூடியவரை குறுக்காகக் கடந்து ஏற வேண்டும்.

இறங்க மண்ணே இல்லாத இடங்களும் உண்டு. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையையும் ரயில் நிலையம் உள்ள சந்திப்புப் பகுதியையும் இணைக்கும், 1843-இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலமும், சந்திப்பில் 1973-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலமும் அப்படிப்பட்டவை. இடப்பக்கம் கைப்பிடிச் சுவர்தான். பாலத்தில் ஏறும் முன்பே தடத்தின் நடுவுக்கு வந்துவிட வேண்டும், பாலம் முடிந்ததும் வழிவிட வேண்டும். பின்னால் ஹாரன் விழும். விழட்டும்.

நான்குவழிச் சாலையில் பிரச்சினையின் முகம் மாறுகிறது. நடுவில் தடுப்பு இருப்பதால் எதிரே வரும் காரின் தொல்லை ஏறக்குறைய இல்லை (எதிர்த்திசையில் வரும் உள்ளூர் பைக்குகளைத் தவிர, அந்தக் குற்றம் நம்முடையது). அங்கே சிக்கல் வேக வேறுபாடு. நான்குவழிச் சாலையில் காருக்கு 100, மோட்டார் சைக்கிளுக்கு 80 என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. ஆயினும் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் போய்ப் பார்த்தால், கார்கள் எந்த நீதிமன்றத்தையும் கேட்டு ஓடுவதாகத் தெரியவில்லை. சுங்கச்சாவடியை நெருங்கும்போது இது முற்றுகிறது. கட்டணம் இல்லாத இருசக்கர வண்டிகள் இடது ஓரப் பாதைக்கு ஒதுங்கும் அதே இடத்தில், எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று பார்த்துக் கடைசி நொடியில் தடம் மாறும் கார்களும் இடப்பக்கம் சாய்கின்றன. சாவடியைத் தாண்டியதும் பல வரிசைகள் இரண்டாகக் குறுகும் அந்தச் சில நூறு மீட்டரில் முந்தப் பார்ப்பது வீண். கூட்டத்தைப் போகவிட்டுப் பின்னால் கிளம்புவதில் ஒரு நிமிடத்துக்கு மேல் நட்டமில்லை.

வள்ளியூருக்குத் தெற்கே, பணகுடி, காவல்கிணறு பக்கம், இந்தச் சாலைக்கென்று தனியே ஒரு குணம் உண்டு. ஆனியில் தொடங்கி ஆவணி முடியும் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கன்னியாகுமரியை நோக்கித் தெற்கே போகும்போது இந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. நேராகப் போவதற்காக வண்டியை வலப்பக்கம் சற்றுச் சாய்த்தே ஓட்டிக்கொண்டிருப்போம். கடந்து போகும் காரோ பேருந்தோ அதே வலப்பக்கத்தில் வந்து காற்றை ஒரு கணம் மறைத்துவிடும். தள்ளிக்கொண்டிருந்த காற்று இல்லாமற்போனதும், சாய்ந்திருந்த வண்டி வலப்பக்கம், அதாவது காரை நோக்கியே, நகரும். அது தாண்டியதும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளும். வடக்கே திரும்பி வரும்போது காற்று இடப்பக்கம். அப்போது அது நேரடியாகவே காரை நோக்கித் தள்ளுகிறது. எப்படிப் போனாலும் காற்று காரின் கட்சிதான். ஆகவே அந்தப் பகுதியில் ஒரு மீட்டர் மிச்சம் போதாது. வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, கைகளைத் தளர்வாக வைத்து ஓட்டுவதே வழி. தென்காசிச் சாலையில் செங்கோட்டைக் கணவாயின் காற்று பெரும்பாலும் முகத்திலோ முதுகிலோ அடிப்பதால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அங்கே குற்றாலச் சீசனில் வழி தெரியாமல் தடுமாறும் வெளியூர்க் கார்கள் அந்தக் குறையை நிரப்பிவிடுகின்றன.

இவ்வளவுக்கும் அடிப்படை, பின்னால் யார் வருகிறார் என்று தெரிந்திருப்பது. புது வண்டி எடுத்த மறுநாளே இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி வீட்டுப் பரணில் போடுவது நம் இளைஞர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. வலது கண்ணாடி இல்லாதவருக்கு மேலே சொன்ன எதுவும் பயன்படாது. அவருக்குக் கார் தோளருகே வந்தபின்தான் செய்தி கிடைக்கிறது. கிடைத்தபின் விரட்டிப் போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த பதில். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட ஒன்றைக் கோபமூட்டி அதன் பக்கத்திலேயே ஓட்டுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்ததில்லை.

சட்டம் யார் பக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் ஒழுங்குமுறை, ஓட்டுநர் ‘உசிதமான அளவுக்கு’ இடப்பக்கம் ஒட்டி ஓட்ட வேண்டும் என்றுதான் சொன்னது. மண்ணை ஒட்டி என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், தடம் குறிக்கப்பட்ட சாலையில் தடத்துக்குள் ஓட்ட வேண்டும், சைகை காட்டாமல் தடம் மாறக் கூடாது என்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, விதிக்கு மாறாக முந்துவதையும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இடித்துவிட்டு நின்ற காருக்கு இவையெல்லாம் பொருந்தும். இடிக்காமல் தள்ளிவிட்டுப் போன காரை அடையாளம் காட்டும் பொறுப்பு, மண்ணில் கிடப்பவர் தலையில் விழுகிறது. அப்படிக் கண்டுபிடித்து வழக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வரை போனாலும், அங்கே முதலில் புரட்டப்படுவது, போலீசார் சம்பவ இடத்தில் வரைந்த மாதிரி வரைபடம். மோதல் நடந்த புள்ளி தாரின் இடது விளிம்பிலிருந்து எத்தனை அடி என்பதை அதில் தேடுவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும், பைக் ஓட்டியவரின் பங்குக்கு எவ்வளவு அலட்சியம், இழப்பீட்டில் எவ்வளவு கழிப்பது என்று வாதாடுவார்கள்.